கன்னத்தில் ஒரு கட்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் மருத்துவம் பற்றிப் பேச வருவோர் நீரிழிவையோ இரத்தக் கொதிப்பையோ எடுத்துக்கொள்வது வழக்கம். அவற்றைப் பற்றி நம் காலனியில் அறியாதார் இல்லை. காலை நடைக்குச் செல்வோர் தத்தம் சர்க்கரை அளவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே நடப்பதை நாள்தோறும் காண்கிறோம். ஆகவே வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் இன்று வேறொரு பொருளைத் தேர்ந்துகொண்டோம். முகத்துத் தசைக்குள் ஒரு புழு குடிபுகுந்து கட்டியாகத் தோன்றும் நோய் அது. விழா விருந்துக்கு முன்பு பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்நோய் வீடுதோறும் வருவதன்று. ஆனால் வந்த வீட்டில் அது விளைக்கும் கலக்கம் நோயினும் பன்மடங்கு பெரியது. புற்றுநோயோ என்ற அச்சம் ஒருபுறம், "நம் வீட்டில் இது எவ்வாறு வந்தது?" என்ற மானக் கவலை மறுபுறம். இவ்விரண்டும் வேண்டாதவை என்பதே நாங்கள் சொல்ல வந்தது.

பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவள் கன்னத்தில், தாடை மூலைக்குச் சற்று மேலே, கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தென்படுகிறது. முதலில் பாட்டி பார்த்துப் பொன்னுக்கு வீங்கி என்று தீர்ப்பளித்து, கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிடுகிறார். சங்கிலிக்கு அது அடங்கவில்லை. பிறகு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று. பிறகு பல் வைத்தியர். அவர் பார்த்துப் பல்லில் குற்றமில்லை என்கிறார். ஐந்து நாள் மருந்து உண்டபின் வீக்கம் குறைகிறது. இரண்டு மாதம் கழித்து வலியுடன் மீண்டும் எழுகிறது. அண்டை வீட்டார் ஒருவர் தமக்குத் தெரிந்த யாருக்கோ இப்படித்தான் தொடங்கிற்று என்று ஒரு கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார். அன்றிரவு அவ்வீட்டில் ஒருவரும் உறங்குவதில்லை.

கன்னத்துக் கட்டிகள் பலவகை. நெறிக்கட்டியாயிருக்கலாம்; காதடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் வீக்கமாயிருக்கலாம்; கொழுப்புக் கட்டி, இரத்தக் குழாய்களின் பின்னல், சீழ்க்கட்டி, காசநோயால் வந்த கட்டி என்று இவ்வரிசை நீளும். அரிதாகப் புற்றுமுண்டு. ஆனால் கட்டி தோலுக்கடியிலோ சுரப்பியிலோ இன்றித் தசைக்குள்ளேயே புதைந்திருக்கிறது என்று தோன்றுமாயின், நம் நாட்டில் வைத்தியர் நினைவில் வர வேண்டிய ஒன்று நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு. மருத்துவ நூல்கள் இதனைச் சிஸ்டிசெர்கோசிஸ் என்னும். பை, வால் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பல்லை இறுகக் கடித்தால் கன்னத்தில் புடைத்தெழும் தசையொன்று உண்டல்லவா? அதனை மாசெட்டர் என்பர். நாம் மெல்லும் தசை என்று வைத்துக்கொள்வோம். நம் சிறுமியின் கட்டி அத்தசையில் இருக்கிறது. பல்லைக் கடிக்கச் சொன்னால் அது இறுகி அசையாது நிற்கும். வாயைத் தளர விட்டால் சற்று அசையும். விரல் நுனியால் அறியும் இச்சிறு சோதனைக்குக் காசு செலவில்லை.

இனி அப்புழுவின் வரலாற்றைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். அதை அறியாமல் மேலே சொல்லப்போவது விளங்காது.

இந்த நாடாப்புழுவுக்கு இரண்டு வீடுகள். வளர்ந்த புழு மனிதனுடைய குடலில் வாழும். 2 முதல் 4 மீட்டர் வரை நீளும். அதன் உடல் கணுக்கணுவாக அமைந்தது. முதிர்ந்த கணுக்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று மலத்துடன் வெளியேறும். ஒரு கணுவில் ஐம்பதாயிரம் முட்டைகள் வரை இருக்கும். அவை கண்ணுக்குப் புலப்படாதவை. அம்மலத்தைத் தின்னும் பன்றியின் குடலில் முட்டை வெடித்து, நுண்ணிய கரு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் ஏறி, தசைகளிற் சென்று தங்கும். அங்கே இரண்டு மாத அளவில் நீர் நிறைந்த சிறு பையாக வளரும். பையினுள் ஒரு வெண்புள்ளி. அதுவே வருங்காலப் புழுவின் தலை. அப்பன்றியின் இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் மனிதன் உண்டால், அத்தலை அவன் குடலில் பற்றிக்கொண்டு முழு நாடாப்புழுவாகிறது. இஃது அதன் இயல்பான சுற்று.

பன்றி இறைச்சியில் ஆலங்கட்டி போன்ற மணிகள் இருப்பதை அரிஸ்டாட்டில் காலத்திலேயே கண்டிருந்தனர். பன்றியின் நாக்கின் அடியைப் பார்த்து அதனை அறியலாம் என்றும் அவர் எழுதிவைத்தார். இன்றும் சில நாடுகளில் பன்றி வாங்குவோர் நாக்கை இழுத்துப் பார்த்தே விலை பேசுகின்றனர். ஆட்டிறைச்சிக் கடையில் ஈரலைப் புரட்டிப் பார்க்கும் நம்மவர்க்கு இது வியப்பாயிராது. இடைவிடாது உழைத்து, இரத்த ஓட்டம் மிகுந்த தசைகளே இந்தக் கூடுகள் தங்கும் இடங்கள். நாக்கும் தாடைத் தசையும் அத்தகையன. இறைச்சிச் சோதகர்கள் மாட்டின் தாடைத் தசையை அறுத்துப் பார்ப்பதும் இதன் உறவுப் புழுவின் கூடுகளைத் தேடித்தான்.

அந்த மணிகளுக்கும் குடற்புழுவுக்கும் உள்ள உறவு நெடுங்காலம் விளங்கவில்லை. 1853-இல் பெல்ஜிய நாட்டறிஞர் வான் பெனடன் முட்டைகளைப் பன்றிக்கு ஊட்டி, அதன் தசையில் கூடுகள் தோன்றக் கண்டார். 1855-இல் ஜெர்மானிய வைத்தியர் கூகென்மைஸ்டர், மரணதண்டனை பெற்ற கைதி ஒருவனுக்கு அவன் அறியாமலே அக்கூடுகளை உணவில் கலந்து கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் அவன் குடலைத் திறந்து இளம் நாடாப்புழுக்களைக் கண்டெடுத்தார். அறிவு வளர்ந்தது உண்மை. அவ்வழியை இன்று எந்த வைத்தியரும் ஒப்பமாட்டார்.

இப்பொழுது நம் சிறுமிக்கு வருவோம். அவள் கன்னத்தில் இருப்பது பன்றியின் தசையில் இருக்க வேண்டிய கூடு. அவள் பன்றி இறைச்சி உண்டதால் அது வரவில்லை. இறைச்சியை உண்டால் குடலில் புழு வருமேயன்றித் தசையில் கூடு வராது. யாரோ ஒரு மனிதரின் குடலிலுள்ள புழுவின் முட்டை, கழுவாத கையாலோ, பச்சைக் காய்கறியாலோ, நீராலோ அவள் வாய்க்குள் சென்றிருக்கிறது. புழுவின் கணக்கில் அவள் பன்றியின் இடத்தில் நிற்கிறாள். தலைமுறை தலைமுறையாக முட்டையும் தொடாத வீட்டிலும் இது வரக்கூடும் என்பதற்கு விளக்கம் இதுவே. வைத்தியர் இந்நோயின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், "நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்" என்று எழுந்து செல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் மானத்தை இந்நோய் தொடவேயில்லை. அதைச் சொல்லி அவர்களை மீண்டும் நாற்காலியில் அமரச் செய்வது வைத்தியரின் கடமைகளுள் ஒன்று.

இதற்குப் பெரிய சான்றொன்றை நியூயார்க் நகரம் தந்தது. பன்றி இறைச்சியை அறவே விலக்கி வாழும் வைதிக யூதக் குடும்பங்களில் நால்வர்க்கு, இப்புழுக் கூடு மூளையில் தங்கியதால் வலிப்பு வந்த செய்தி 1992-இல் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. ஆராய்ந்தபோது, அவ்வீடுகளில் பணிபுரிந்தோர் இப்புழு மிகுந்த லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அண்மையில் வந்தவர்கள் என்றும், அவர்களுள் ஒருவர் குடலில் நாடாப்புழு இருந்தது என்றும் தெரியவந்தது. அதற்கு முன்பே, 1961-இல் டிக்சன், லிப்ஸ்கோம் என்னும் இருவர் பிரிட்டனில் 450 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய படைவீரர். ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் கடந்த பின்னரே பலருக்கு வலிப்புத் தோன்றிற்று. கூடு உயிருடன் இருக்கும்வரை உடலை ஏமாற்றிக்கொண்டு அமைதியாய்க் கிடக்கும். இறக்கும்போதுதான் உடல் அதனை அந்நியமென்று கண்டு எதிர்க்கும். கன்னத்தில் வலியும் சிவப்பும் தோன்றி மறைவதற்கும் இதுவே காரணம்.

நோயை அறிவது எப்படி என்பதற்கு வருவோம். அல்ட்ரா சவுண்டு என்னும் ஒலியலைச் சோதனைதான் இதில் முதற் கருவி. கர்ப்பிணிகளுக்குச் செய்கிறார்களே, அதே சோதனை. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. தசை இழைகளின் போக்கிலேயே நீண்டு, முட்டை வடிவில், ஒரு சென்டிமீட்டர் அளவில் கருநிறப் பை தெரியும். அதனுள் ஒருபுறமாக ஒட்டிய வெண்புள்ளி தெரிந்தால் புழுவின் தலையைக் கண்டுவிட்டோம் என்று பொருள். அவ்வளவு தெளிவாகத் தெரியும்போது வேறு ஐயம் பெரும்பாலும் எழாது. ஆனால் எல்லா வேளையிலும் அது தெளிவாகத் தெரிவதில்லை. நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஸ்கேன் நிபுணர் டாக்டர் பூபதி விஜயராகவன், தசையில் இக்கூடு காட்டும் நான்கு தோற்றங்களை 2004-இல் வகுத்து எழுதினார். சுற்றிலும் அழற்சி சூழ்ந்த கூடு. நீர் கசிந்து சுருங்கித் தலை புலப்படாது நிற்கும் கூடு. சீழ் போன்ற பெருந்தேக்கத்தின் ஓரத்தில் ஒதுங்கிய கூடு. சுண்ணாம்பேறிய பழங்கூடு என்பன அவை. மூன்றாவதைக் கண்டு வெறும் சீழ்க்கட்டி என்று கீறிவிடுவது எளிது. ஓரத்தில் தலை இருக்கிறதா என்று தேடும் கண் வேண்டும். நம் ஊர்க்காரர் ஒருவர் உலகத்தார்க்கு அதைக் காட்டிக்கொடுத்தார் என்பதில் நாம் சிறிது பெருமை கொள்ளலாம்.

ஐயம் எஞ்சினால் மெல்லிய ஊசியால் துளி நீரை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்ப்பர். புழுவின் துண்டுகளோ, அதனை எதிர்க்கும் அணுக்களோ காணப்படலாம். எம்.ஆர்.ஐ. படமும் உதவும். இரத்தச் சோதனையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. உடலில் ஒரே ஒரு கூடு இருப்பவர்க்கு அச்சோதனை பலமுறை இல்லை என்றே சொல்லிவிடும். சுண்ணாம்பேறிய பழங்கூடுகள் எக்ஸ்ரே படத்தில் அரிசிமணி சிதறியது போலத் தோன்றும். அவை இறந்தவை, தசையிலுள்ள அவற்றுக்கு மருந்து வேண்டியதில்லை.

மெல்லும் தசை ஒன்றே இதன் இடமன்று. நெற்றிப்பொட்டின் தசையிலும் நாக்கிலும் உதட்டிலும் வரும். கண்ணைச் சுழற்றும் சிறு தசைகளில் வருவது நம் நாட்டுக் கண் வைத்தியர்க்கு நன்கு பழகியது. பிள்ளைக்குக் கண்ணில் வீக்கம், பார்வையில் ஒன்று இரண்டாகத் தெரிதல், இமை தாழ்தல் என்று வருவார்கள். அங்கும் ஒலியலைச் சோதனையிலேயே தலையைக் காணலாம்.

சரி, கூடு என்று தெரிந்துவிட்டது. உடனே புழு மருந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நிற்க வேண்டும். கன்னத்தில் ஒன்றிருந்தால் மூளையிலும் கண்ணிலும் இருக்கக்கூடும். மருந்துண்டால் எல்லாக் கூடுகளும் ஒருசேர இறக்கத் தொடங்கும். இறக்கும் கூட்டைச் சுற்றி வீக்கம் எழும். கன்னத்தில் வீங்கினால் இரண்டு நாள் வலியோடு போகும். மூளையில் வீங்கினால் வலிப்பு வரும். கண்ணுக்குள் வீங்கினால் பார்வை போகும். ஆகவே மருந்துக்கு முன்பு மூளையைப் படம் எடுத்தும், கண்ணின் உட்புறத்தைக் கண் வைத்தியரைக் கொண்டு பார்த்தும் தெளிந்துகொள்ளல் வேண்டும். "கன்னத்துக் கட்டிக்கு மண்டைக்கு எதற்கு ஸ்கேன்? பணம் பறிக்கும் வழி" என்று நம்மவர் முணுமுணுப்பதுண்டு. பணம் பறிக்கும் ஸ்கேன்கள் உலகில் இல்லாமல் இல்லை. இஃது அவற்றுள் சேராது.

மூளையிலுள்ள கூட்டைப் பற்றிச் சொல்லும்போது வேலூரை விட்டுவிட முடியாது. வலிப்புள்ள இந்தியர் மூளையில் சி.டி. படம் காட்டிய ஒற்றைச் சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்றே ஒருகாலத்தில் கருதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை வைத்தியர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்தம் குழுவினரும் அத்தகைய புள்ளிகளை எடுத்துச் சோதித்து, அவற்றிற் பல இந்தப் புழுக்கூடுகளே என்று 1980-களின் இறுதியில் நிலைநாட்டினர். பல புள்ளிகள் காலப்போக்கில் தாமாகவே மறைந்தும் போகின்றன.

சிகிச்சை எளிது. மூளையும் கண்ணும் தெளிவாயிருப்பின், அல்பெண்டசோல் என்னும் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் கணக்கிட்டு, இரு வேளையாகப் பிரித்து, 2 முதல் 4 வாரம் வரை கொடுப்பர். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் ஆகும். வெறும் வயிற்றில் இது சரியாக உடம்பில் ஏறாது. நெய் சேர்ந்த சோற்றுடனோ பாலுடனோ உண்ண வேண்டும். வீக்கத்தை அடக்கப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பர். இடையில் ஈரலின் நிலையையும் இரத்த அணுக்களையும் சோதிப்பதுண்டு. கர்ப்பிணிகளுக்கு இம்மருந்தைத் தள்ளிப்போடுவர். முதல் சில நாட்களில் கட்டி சற்றுப் பெரிதாகத் தோன்றினால் பதறி மருந்தை நிறுத்திவிடாமல், வைத்தியரிடம் காட்டுங்கள். வாரங்கள் செல்லச் செல்ல, திரும்பத் திரும்பச் செய்யும் ஒலியலைச் சோதனையில் கூடு சுருங்கி மறைவதைக் காணலாம்.

கத்தி எப்பொழுது? ஐயம் தீராதபோதும், மருந்துக்கு இசையாதபோதும், சீழ் திரண்டபோதும். மெல்லும் தசையின் மேலாக முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் ஓடுகின்றன. சிறு கட்டிக்காக அவசரப்பட்டு அறுத்து, வாய் ஒருபுறம் கோணிவிட்டால் அச்சிறுமி வாழ்நாள் முழுதும் அதைச் சுமப்பாள். எனவே "வெட்டி எடுத்துவிடலாம்" என்று யாரேனும் முதல் நாளே சொன்னால், "ஒலியலைச் சோதனை பார்த்தாயிற்றா?" என்று பணிவுடன் கேளுங்கள். நல்ல வைத்தியர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

2015 முதல் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் மாத்திரையும் அல்பெண்டசோல்தானே என்று சில தாய்மார்கள் கேட்கலாம். மருந்து அதுவே, ஆனால் அங்கே கொடுப்பது குடற்புழுக்களுக்காக ஒரே ஒரு வேளை. தசைக்கூட்டுக்கு அது சிகிச்சையாகாது. அதுபோலவே, பள்ளியில் கொடுத்த மருந்துதானே என்று கடையில் அட்டை அட்டையாக வாங்கி வீட்டிலேயே சிகிச்சை தொடங்குவது, மேலே சொன்ன காரணத்தால், ஆபத்தில் முடியக்கூடும்.

எஞ்சியிருப்பது அடுக்களை. சிறுமியின் கன்னம் ஆறியபின்னும் முட்டை வந்த வழி திறந்தே கிடக்குமாயின் அடுத்த பிள்ளைக்கும் வரும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி, கீரை ஆகியவற்றை ஓடும் நீரில் இலையிலையாகத் தேய்த்துக் கழுவுங்கள். இளஞ்சிவப்பு நிறப் பர்மாங்கனேட் நீரில் முக்கியெடுத்தால் போதும் என்று இருந்துவிடலாகாது. இம்முட்டையின் ஓடு அத்தகைய மருந்துகளுக்கு எளிதில் அசைவதில்லை. கொதியும் வேக்காடும் அதனைக் கொல்லும். நகத்தை ஒட்ட வெட்டுவதும், கழிப்பறையிலிருந்து வந்தபின்னும் சமைக்கும் முன்னும் சோப்பிட்டுக் கைகழுவுவதும் பாட்டிமார் சொல்லாததன்று. பன்றி இறைச்சி உண்ணும் வீட்டினர் அதனை உள்வரை நன்கு வேகவைத்து உண்டால் குடற்புழு வராது.

அடுத்து, புழு யார் குடலில் இருக்கிறது என்ற கேள்வி. காலனியில் இக்கேள்வி எழுந்தவுடன் எல்லார் பார்வையும் சமையல் செய்யும் அம்மையார் மீதே திரும்பும். அன்றே அவரை நிறுத்திவிட்டால் பழி தீர்ந்தது என்று எண்ணுவர். நிறுத்தப்பட்டவர் அடுத்த தெருவில் வேலைக்குச் சேர்வார். புழு இருந்தால் அதுவும் உடன் செல்லும். அவரிடம்தான் இருக்கிறது என்பதற்கும் உறுதியில்லை. வெளியூர்ப் பயணங்களிலும் விருந்துகளிலும் கண்டதையும் உண்டு வரும் நம்மிடமே இருக்கலாம். குடலில் இப்புழு உடையவர் பெரும்பாலும் ஒரு துன்பமும் உணரார். மலத்தில் தட்டையான வெண்துண்டுகளைக் கண்டாலன்றி அறியார். அவர் தமக்கே முட்டையை ஊட்டிக்கொண்டு மூளைநோய் பெறவும் கூடும். ஆதலால் சோதனை வீட்டுத் தலைவரிலிருந்து தொடங்கி, அவ்வடுக்களையில் கைவைக்கும் அனைவருக்கும் நடக்கட்டும். முட்டைகள் நாள்தோறும் வெளிப்படுவதில்லையாதலால், வெவ்வேறு நாட்களில் எடுத்த 3 மல மாதிரிகளைப் பார்த்தல் நலம். புழு இருப்பவர்க்கு நிக்லோசமைடு அல்லது பிராசிகுவான்டல் ஒரே வேளையில் போதுமானது. முன்னது குடலிலிருந்து உடம்பில் ஏறாததால், மூளையில் கூடு இருந்தாலும் அதைக் கிளறாது.

சோதனைக்கும் மருந்துக்கும் ஆகும் செலவை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். அந்நாட்களின் சம்பளத்தையும் பிடிக்கலாகாது. அந்த அம்மையாரிடம் கூறும்போது, "உன்னால் எங்கள் பிள்ளைக்கு வந்தது" என்று தொடங்காமல், "நாங்களும் சோதித்துக்கொண்டோம், நீங்களும் வாருங்கள், உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்" என்று சொன்னால் அவர் மறுக்காமல் வருவார். மருந்துண்டு, சோதனையில் தூய்மையென்று தெரிந்தபின் அவர் வழக்கம்போல் அடுப்படிக்கு வரலாம். ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் ஒருமுறை மலச்சோதனை செய்து பார்த்துக்கொள்வது வழக்கம்.